ஸ்கூட்டரும் வானொலியும்

கேள்வி: அமெரிக்காவில் பழைய காரை வானொலி நிலையத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கிறார்களாமே? என் பழைய ஸ்கூட்டரை இங்கே அப்படிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

பதில்: அங்கே நிலையத்தார் காரை ஓட்டுவதில்லை; விற்று, வரும் பணத்தில் நிகழ்ச்சிகளை ஓட்டுகிறார்கள்! நம் அகில இந்திய வானொலிக்குப் படியளக்க அரசு இருக்கிறது. கையைக் கடிப்பது சமுதாய வானொலிகளுக்குத்தான். 2004-ல் சென்னையில் பிறந்த அண்ணா எஃப்.எம். வகையைச் சேர்ந்தவை இவை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். இருக்கட்டுமே, உங்கள் ஊர்க் கிரிவலப் பாதையே 14 கிலோமீட்டர்தானே! ஸ்கூட்டரை நீங்களே விற்று, அப்படியொரு நிலையத்தை நடத்தும் அமைப்பிடம் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்திட்டால் போதாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறியதா என்று பாருங்கள். மாறாவிட்டால், விபத்து வழக்கு உங்கள் வாசலுக்குத்தான் வரும்.