கிணறு ஒண்ணு, வாளி மூணு

வாப்பா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. மதுரையில மண்டபம் பிடிச்சுத் தெம்மாங்குக் கச்சேரி வைக்கிறியாம், டிக்கெட்டெல்லாம் ஆன்லைன்லயாம். கேட்டதும் நெஞ்சு நெறஞ்சு போச்சு. 400 நாற்காலியை 1,200 பேருக்கு விக்கிற தெறமை நம்ம வம்சத்துல உனக்குத்தான் வாய்ச்சிருக்கு. உன் பூட்டன்கூட ஒரு மாட்டை ரெண்டு பேருக்குத்தான் வித்தாரு.

முழிக்காதே, நீ போட்ட கணக்குத்தான். முந்தி வாரவுகளுக்கு ‘ஏர்லி பேர்ட்’ 300 ரூவா, சாதாரணம் 500, மாணவருக்கு 200. நல்ல காரியம். ஆனா ‘எத்தனை டிக்கெட்’னு கேட்ட கட்டத்துல மூணு தடவையும் 400னு போட்டிருக்கே பாரு, அங்கதான் நீ படிச்ச படிப்பு பளிச்சுனு தெரியுது. மிஷினு உன் மண்டபத்தைக் கண்டுச்சா, நாற்காலியை எண்ணுச்சா? மூணு 400ஐயும் வித்துக் குடுத்துட்டு அது பாட்டுக்கு இருக்கும். வாசல்ல சட்டையைப் பிடிக்கப் போறது உன்னையத்தான்.

எங்க காலத்து டூரிங் டாக்கீஸ்லயும் மூணு வெலை இருந்துச்சு: தரை, பெஞ்சு, சேரு. தரை டிக்கெட்காரன் மணலைக் குவிச்சு மேல ஏறி உக்காருவான். பின்னாடி இருக்கவன் அதைவிட ஒசரமாக் குவிப்பான். தரையில பத்துப் பேரு கூட வந்தா நெருக்கிக்கலாம். சேருல ஒருத்தன் மடியில இன்னொருத்தனை உக்கார வைக்க முடியுமா? எடமே வேற வேறங்கிறதால மூணுக்கும் தனிக் கணக்கு. அது சரி. உன் மண்டபத்துல நாற்காலி எல்லாம் ஒரே சாதி, வெலைதான் வேற. கிணறு ஒண்ணு, வாளி மூணு. எந்த வாளி எறங்குனாலும் அதே தண்ணிதான் கொறையும்.

இதுக்கெல்லாம் வழி செஞ்சுதான் வச்சிருக்கானுகன்னு உன் தங்கச்சி படிச்சுக் காட்டுனா. வேர்ட்பிரஸ்ல போடுற ‘ஈவன்ட் டிக்கெட்ஸ்’ல, இந்த டிக்கெட்டுக்குத் தனி அளவா, மத்ததோட சேர்ந்த பொது அளவான்னு கேக்குமாம். ‘ப்ரீடிக்ஸ்’னு ஜெர்மனிக்காரன் செஞ்சது ஒண்ணு இருக்காம், அதுல இதுக்குப் பேரு கோட்டா. 400னு ஒரு கோட்டா போட்டு மூணு வெலையையும் அதுல சேத்துரு. மாணவருக்கு 80க்கு மேல வேணாமா? மாணவர் டிக்கெட்டை மட்டும் 80னு இன்னொரு கோட்டாவுலயும் சேரு. ரெண்டுலயும் எடம் இருந்தாத்தான் அது விக்கும். கம்மாயிலயும் தண்ணி கெடக்கணும், உன் மடையும் தொறந்திருக்கணும், அம்புட்டுத்தான்.

ஆனா 80னு போட்டதும் 80 நாற்காலியை எடுத்து வச்சாச்சுன்னு நெனைச்சுராதே. சாதாரணக்காரன் ஒரே ராத்திரியில 400ஐயும் அள்ளிட்டான்னா மாணவனுக்கு மிச்சம் உன் போஸ்டர்தான். பத்திரமா வைக்கணும்னா மத்த ரெண்டு வெலையையும் சேத்து 320ல நிறுத்து. மாணவன் வராட்டி கடைசி வாரம் அந்த அணையைத் தொறந்து விடு. எடம் காலியாக் கெடக்கையில காசோட வந்தவனைத் திருப்பி அனுப்புன யாவாரி எவன் உருப்பட்டிருக்கான்?

‘குடும்ப டிக்கெட்’னும் ஒண்ணு விடப் போறியாமே, 4 பேருக்கு ஒரே டிக்கெட்டு. அது கணக்குல ஒண்ணு, வாசல்ல நாலு. 50 டிக்கெட்டு வித்தா 200 நாற்காலி போச்சு. டிக்கெட்டை எண்ணாதே அப்பு, உக்காருற எடத்தை எண்ணு.

சந்தையில வெண்டைக்காயைக் கையில பிடிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேசுவாளுக பாத்திருக்கியா? ஆன்லைன்லயும் அப்படித்தான். டிக்கெட்டைக் கூடையில போட்டுட்டு ஜிபேயில பணம் போகலைன்னு பொலம்பிக்கிட்டு இருப்பான். அதுவரைக்கும் அந்த எடம் பிடிச்சதாத்தான் கணக்கு. ‘ப்ரீடிக்ஸ்’ல நாம மாத்தாட்டி 30 நிமிசம் காத்துக் கெடக்குமாம். அதனால ‘தீந்துபோச்சு’ன்னு காட்டுன எடம் அரை மணி கழிச்சுத் திரும்ப மொளைக்கும். யாரோ செய்வினை வச்சுட்டான்னு என்கிட்ட ஓடி வராதே. ஏர்லி பேர்டுக்குக் கடைசித் தேதி போட மறந்துராதே. எவனாச்சும் ரத்து பண்ணுனா, கச்சேரி அன்னைக்குச் சாயங்காலம் 300 ரூவாக் குருவி மறுபடி கூவும்.

2023 செப்டம்பர் 10 ஞாபகம் இருக்கா? சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில ஏ.ஆர்.ரகுமானோட ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி. டிக்கெட்டைக் கையில வச்சுக்கிட்டே எத்தனையோ பேரு உள்ள நொழைய முடியாமத் திரும்புனாக. டிக்கெட்டு நகலை அனுப்பி வைங்கன்னு மறுநாள் ரகுமானே கேக்க வேண்டியதாப் போச்சு. ஆஸ்கர் வாங்குன மனுசன் சொன்னா கேப்பாக. நீ சொன்னா?

கடைசியா ஒண்ணு. ‘ஒருவருக்கு 4 டிக்கெட் மட்டுமே’ன்னு கண்டிப்பாப் போட்டிருக்கே, சந்தோசம். முந்தாநாள் ராத்திரி உன் தங்கச்சி போனை வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஏர்லி பேர்டுல 4 எடுத்தேன், குடுத்துச்சு. சாதாரணத்துல 4, அதையும் குடுத்துச்சு. மாணவர்ல 4 கேட்டேன், நன்றின்னு சொல்லி அதையும் குடுத்துச்சு. உன் ‘ஒருவருக்கு 4’ங்கிறது ஒவ்வொரு வாளிக்கும் தனித்தனியா 4. மூணுக்கும் சேத்து ஆளுக்கு 4னு இன்னைக்கே மாத்திரு.

என்னோட 12ஐ மட்டும் திருப்பிக் கேக்காதே. டீக்கடைப் பெஞ்சே கெளம்பி வருது. இந்த வயசுல மாணவர் டிக்கெட்டான்னு வாசல்ல எவனாச்சும் மறிச்சான்னா, என் பேரன்கிட்டத்தான் கணக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லிக்கிறேன்.