யாழ்ப்பாணத்தில் எத்தனை கோட்டை?

கேள்வி: யாழ்ப்பாணம் போகிறோம். கோட்டை பார்க்க ஒரு மணி நேரம் போதும் என்கிறார் என் கணவர். போதுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: செல்ஃபி எடுக்கப் போதும், கோட்டை பார்க்கப் போதாது!

போர்த்துக்கீசர் நாற்கோணமாகக் கட்டியதை, 1658-ல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றினார்கள். மூலைக்கொரு கொத்தளம், சுற்றிலும் அகழி. வெளி அரண்கள் முடிந்தது 1792-ல். மூன்றே வருடத்தில், 1795-ல், சண்டையே இல்லாமல் ஆங்கிலேயரிடம் சாவி கைமாறியது. பாவம், சுண்ணாம்புகூடச் சரியாகக் காய்ந்திருக்காது! உண்மையான அடி விழுந்தது நம் காலத்துப் போரில்தான். உள்ளே இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் அதில் தரைமட்டமானது. அந்த இடத்தில் மட்டும் சற்று நேரம் நில்லுங்கள். எனக்கு இன்றும் ஆறாத இழப்பு அது.

மதிலைக் கிட்டப்போய்ப் பாருங்கள். முருகைக்கல். பூப்பூவாய், நரம்பு நரம்பாய், ஒருகாலத்தில் கடலடியில் உயிரோடு வளர்ந்த பவளம் அது. விரலால் தடவினால் சொரசொரக்கும். மாலையில் மதில்மேல் ஏறினால் பண்ணைப் பாலமும் கடல்நீரேரியும் தெரியும்.

அதோடு முடியவில்லை. காரைநகருக்கும் ஊர்க்காவற்றுறைக்கும் நடுவே, தண்ணீரிலேயே நிற்கிறது கடற்கோட்டை. படகில்தான் போகவேண்டும். இப்போது கடற்படை அங்கே விடுதி நடத்துகிறது. நெடுந்தீவில் இடிந்த கோட்டை ஒன்று உண்டு. முருகைக்கல் வேலிகளையும் குதிரைகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். நெடுந்தீவுப் படகு புறப்படும் குறிகட்டுவானில், அது திரும்பும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

கணவரிடம் இரண்டு நாள் கேளுங்கள். மூன்று கொடுத்தாலும் மறுக்காதீர்கள்.