வீட்டு வாசலில் டை ராடு மாற்றுதல்: போடி வட்டார ஜீப்புகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

ஜீப்பைப் புகழ்வோர் அதன் மேற்பகுதியோடு நின்றுவிடுவது வழக்கம். பானெட்டைப் புகழ்வார்கள், ஹாரனைப் புகழ்வார்கள். தரைக்கும் முன் ஆக்சிலுக்கும் இடையில், மல்லாந்து படுப்போருக்கு மட்டுமே தரிசனம் தரும் டை ராடு எவர் வாயிலும் வருவதில்லை. முன்சக்கரம் இரண்டையும் ஒரே பேச்சுக்குக் கட்டுப்பட வைக்கும் இரும்புத் தண்டு அது. அது கழன்றால் இடச்சக்கரம் சாந்தன்பாறைக்கும் வலச்சக்கரம் பள்ளத்துக்கும் புறப்படும். இத்தகைய பொருளுக்கு நேர்ந்த புறக்கணிப்பைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

களம் போடிநாயக்கனூர். விடியுமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் போய்வரும் ஊர். தார்ச்சாலை முடிந்து தோட்டப் பாதை தொடங்கும் இடத்திலிருந்து டை ராடின் ஆயுளைக் கணக்கிட வேண்டும். ஒர்க் ஷாப்பில் மாற்றப்படும் டை ராடுகள் ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. அங்கே வேலை சீக்கிரம் முடிந்துவிடுவதால் ஆராய ஒன்றுமில்லை.

கருதுகோள்: வீட்டு வாசலில் டை ராடு மாற்றும் வேலையின் இறுதி விளைபொருள் ஓர் ஆலோசகர்.

2. முன்னோடிகள்

வளைவில் முன்சக்கரம் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் டயர் தேயும். உட்பக்கச் சக்கரம் சற்றுக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். 1817இல் குதிரை வண்டிக்காக இதற்கு வழி கண்டவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர். மறு ஆண்டே லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். வண்டி வரைவதில் தேர்ந்தவர்தான்; ஆனால் அப்போது அவர் பேர்பெற்றிருந்தது படங்களும் புத்தகங்களும் பதிப்பித்து விற்பதில். இன்றுவரை உலகம் அந்த அமைப்பை ஆக்கர்மன் பெயரிலேயே அழைக்கிறது. வேலை பார்த்தவர் பெயர் மறைந்து பக்கத்தில் நின்றவர் பெயர் நிலைத்த இச்செய்தி, நம் கருதுகோளுக்குக் கிடைக்கும் முதல் சான்று.

ஜீப்புக்கு வருவோம். 1941இல் போருக்காகப் பிறந்த வில்லிஸ் வண்டியை 1940களின் கடைசியில் மும்பையில் மகிந்திரா பூட்டித் தரத் தொடங்கியது. அந்தப் பழைய அமைப்பில் நடுவே ஒரு நெம்புகோல், அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு டை ராடுகள். ஆக முனைகள் நான்கு. துருப்பிடித்த நட்டுகளும் நான்கு.

3. நோய் நாடுதல்

ஸ்டியரிங்கில் பிளே, முன் டயரின் ஓரம் மட்டும் தேய்தல், குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் உதறுதல் என்பன அறிகுறிகள். உறுதிசெய்ய இருவர் தேவை. ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட, மற்றவர் கீழே படுத்து ராடின் முனையில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே உள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் டக் டக்கென்று விரலில் தட்டும். மேலே உட்கார்ந்து ஆட்டும் பொறுப்பு மரபுப்படி வீட்டுக்காரம்மாவைச் சேரும். “போதுமாங்க? அடுப்புல பால் இருக்கு” என்பது இக்கட்டத்துக்குரிய வசனம்.

முனையைத் துணியால் துடைத்துப் பார்த்தால் வரலாறு தெரியும். ரப்பர் பூட்டில் நகமளவு ஒரு கிழிசல். அதன் வழியே தோட்டத்து மண்ணும் மழைத்தண்ணீரும் உள்ளே போய், கிரீஸோடு கலந்து, ஜாயிண்டின் குண்டை அரைக்கும் விழுதாகியிருக்கும். டை ராடு போனதற்குப் பாறையைத் திட்டுவோர் உண்டு. பாறை ராடை வளைக்கும். முனையைத் தின்பது மண்.

4. கழற்றுதல்: இருவேறு கொள்கைகள்

பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குவது வரை கருத்து வேறுபாடில்லை. ஹாலோ பிளாக்கை ஸ்டாண்டாக நம்புவோரை எந்தக் கொள்கையினரும் சேர்ப்பதில்லை. அடுத்தது ஸ்பிளிட் பின். பிளையர் போட்டு இழுத்தால் ஒரு காது கையோடு வரும், மற்றது உள்ளேயே தங்கும். கிரீடம்போல வெட்டு வெட்டாக இருக்கும் நட்டையும் ஒருவழியாகத் தளர்த்தியதும் புதியவர் வேலை முடிந்ததென்று முகம் துடைக்கிறார். முடியவில்லை. பால் ஜாயிண்டின் காம்பு கூம்பு வடிவம். சக்கரத்தைத் திருப்பும் ஆர்மின் கூம்புத் துளைக்குள் பல வருஷம் இறுகிக் கிடப்பது. நட்டு போய்விட்டதே என்று அது வெளியே வராது.

இங்கே அறிஞர் உலகம் பிளவுபடுகிறது. ஆப்புக் கொள்கையினர் இரட்டைப் பல் ஆப்பை இடையில் செருகி அடிப்பர். காம்பு வரும், பூட் கிழியும். காயலான் கடைக்குப் போகும் முனைக்குப் பூட் எதற்கு என்பது அவர்கள் வாதம். சம்மட்டிக் கொள்கையினர் காம்பைத் தொடமாட்டார்கள். நட்டை நாலு மரை விட்டுவைத்து, துளை இருக்கும் ஆர்மின் பக்கவாட்டில், எதிர்ப்பக்கம் ஒரு கனத்த சுத்தியலை அண்டக்கொடுத்து ஓங்கிப் போடுவர். அந்த அடியில் துளை கண நேரம் நெளிய, கூம்பு பிடி விட்டு டொப்பென்று இறங்கும். காம்பின் தலையிலேயே அடிப்போர் மூன்றாம் கொள்கையினர். மரை நசுங்கியபின் மேற்கண்ட இரண்டில் ஒன்றில் சேர்ந்துவிடுவர்.

5. மதிற்சுவர் மக்கள்

முதல் சம்மட்டி அடிக்கும் மதிற்சுவரோரம் முதல் ஆலோசகர் வருகைக்கும் இடையே அதிக நேரம் கழிவதில்லை. நின்றோர், குந்தியோர், ஸ்பானரைப் பிடுங்கியோர் என அவர் மூவகைப்படுவர். களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

“தம்பி, அங்க அடிச்சா விடிய விடிய அடிக்க வேண்டியதுதான். சைடுல போடு.”

“சைடுலதாண்ணே போடுறேன்.”

“அப்ப மேல போடு.”

6. மரையும் அளவும்

ராடின் ஒரு முனையில் வலம்புரி மரை, மறுமுனையில் இடம்புரி மரை. நடுவில் ராடைத் திருகினால் இரு முனையும் ஒருசேர விலகும், அல்லது நெருங்கும். பழைய முனை எத்தனை சுற்றில் கழன்றதோ, புதியதும் அத்தனை சுற்றே ஏற வேண்டும். எண்ணிக்கை பதினொன்றைத் தொடும்போது “இது என்ன விலைப்பா?” என்று கேட்பவர் குந்தியோர் வகை. ஆகவே மகளின் நெயில் பாலிஷை வாங்கி மரையில் முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்வது அறிவுடைமை.

புது நட்டை முறுக்கும்போது காம்பும் சேர்ந்து சுற்றினால், முனையை அடியிலிருந்து ஜாக்கியால் அழுத்திக் கூம்பை இறுக்குவது வழி. பின் போடும் துளை நட்டின் வெட்டோடு நேர்ப்படாவிட்டால் இன்னும் முறுக்கி நேராக்கலாம், தளர்த்தலாகாது. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி மாட்டுவது பாவம். இந்த இரண்டில் மட்டும் மூவகை ஆலோசகரும் ஒருமனப்படுகின்றனர்.

கடைசியாக டோ அளவு. இரு டயரின் நடுவிலும் சாக்பீஸ் கோடு. முன்பக்கம் கோட்டுக்குக் கோடு டேப் பிடித்து அளந்து, வண்டியைத் தள்ளிக் கோடுகளைப் பின்பக்கம் கொண்டுவந்து மறுபடி அளப்பர். பின்னளவைவிட முன்னளவு துளி குறைந்திருக்க வேண்டும். வண்டி தள்ள ஆள் தேடும் இந்நேரத்தில் மதிற்சுவர் காலியாக இருப்பது ஆய்வில் தெரியவந்த உண்மை.

7. முடிவுகள்

செலவுக் கணக்கில் மிச்சமில்லை. மெக்கானிக் கூலியில் மீந்தது ஆலோசகர்களின் டீ, வடையிலும் மறுநாள் அலைன்மென்ட் கடையிலும் தீர்ந்தது. ஆயினும் வேலை பார்த்தவரிடம் ஒரு மாற்றம். எந்த ஜீப்பைக் கண்டாலும் குனிந்து முன் ஆக்சிலைப் பார்க்கிறார். டீக்கடையில் முன்பின் தெரியாத டிரைவரிடம், “லெஃப்ட்ல லேசா பிளே இருக்கும்போல” என்கிறார். மதிற்சுவரில் நின்றோரை விசாரித்ததில், ஒவ்வொருவரும் ஒருகாலத்தில் ஏதோ ஒரு வண்டிக்கடியில் படுத்துத் திட்டு வாங்கியவர்களே. கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

கிளட்ச் பிளேட், லீஃப் ஸ்பிரிங் ஆகியவை மேலாய்வுக்கு உரியன. இக்கட்டுரை முடியும் தறுவாயில் அடுத்த தெருவில் சம்மட்டிச் சத்தம் கேட்கிறது. ஆய்வாளர் கள ஆய்வுக்குப் புறப்படுகிறார். ஸ்பானர் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.