யார் வீட்டுக் கிட்னி நீ?

1984 டிசம்பர் வரைக்கும் திண்டுக்கல் நாகல் நகரில் கிட்னி என்றால் கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்குகிற சமாச்சாரம். அது மனிதனுக்கும் உண்டு, கெட்டுப்போகும், சொந்தக்காரரிடம் ஒன்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்ற விஞ்ஞானத்தைத் தமிழ்நாடு முழுக்கப் பரப்பியவர் எம்.ஜி.ஆர். 1973 மே மாதம் இதே திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவரை நிறுத்தி இரட்டை இலைக்கு முதல் வெற்றி வாங்கியவர், இப்போது நியூயார்க்கின் புரூக்ளினில் படுத்திருந்தார். அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி ஒரு சிறுநீரகம் கொடுத்தார். தலைவர் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தும் விட்டார். வாக்காளர்கள் சரி, உடம்பு ஒத்துக்கொள்ள வேண்டுமே!

உடம்பு லேசுப்பட்டதில்லை. உள்ளே புதிதாக எது வந்தாலும் நம்மூர்த் திண்ணைப் பெரியவர் மாதிரி விசாரணையை ஆரம்பித்துவிடும்: "யாருப்பா நீ? எந்த ஊரு? யாரு மகன்?" பதில் சொல்ல ஏறக்குறைய ஒவ்வொரு செல்லின் மேலும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. பாதி அப்பா வழி, பாதி அம்மா வழி. பதில் பிடிக்காவிட்டால் டி செல்கள் அடிதடிக்கு இறங்கும். டாக்டர்கள் இதற்கு நிராகரிப்பு என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தத் திண்ணைக்காரர் இருப்பதே தெரியாமல் மருத்துவ உலகம் அரை நூற்றாண்டு ஓட்டியிருக்கிறது. 1894இல் பிரெஞ்சு ஜனாதிபதி சாதி கார்னோவை லியோன் நகரில் ஒருவன் கத்தியால் குத்தினான். அறுந்த பெரிய ரத்தக்குழாயைத் தைக்க எந்த சர்ஜனுக்கும் தெரியவில்லை. ஜனாதிபதி போய்ச் சேர்ந்தார். கடுப்பான மருத்துவ மாணவர் அலெக்சிஸ் காரல், பேராசிரியர்களை விட்டுவிட்டு, அந்த ஊரில் பூவேலை செய்யும் லெருதியே அம்மாளிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டார். லியோன் பட்டு நெசவு ஊர். நாகல் நகர் சௌராஷ்டிர நெசவாளர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. அந்தத் தையலுக்காக 1912இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஒரு நாயின் சிறுநீரகத்தைக் கழற்றி அதே நாய்க்குத் தைத்தால் வேலை செய்தது. வேறு நாய்க்குத் தைத்தால் கொஞ்ச நாளில் படுத்துக்கொண்டது. தையலில் குறையில்லை. பிறகென்ன கோளாறு என்றுதான் யாருக்கும் புரியவில்லை.

புரியாவிட்டால் என்ன, ஆர்வம் அடங்குமா? காரலுடைய ஊர்க்காரர் ழாபூலே 1906இல் ஒரு பெண்ணின் முழங்கை மடிப்பில் பன்றியின் சிறுநீரகத்தை இணைத்துப் பார்த்தார். விசாரணைக்கே அவசியமில்லாத கேஸ். 1933இல் சோவியத் யூனியனின் கெர்சன் நகரில் வொரொனோய், இறந்துபோன ஒருவரின் சிறுநீரகத்தை ஒரு பெண்ணின் தொடையில் வைத்தார். கொடுத்தவர் ரத்தம் பி, வாங்கியவர் ரத்தம் ஓ. இரண்டே நாள்.

திண்ணைக்காரரை முதலில் கையும் களவுமாகப் பிடித்தவர் பீட்டர் மெடவார். உலகப்போர் சமயத்தில், கிப்சன் என்ற சர்ஜனோடு கிளாஸ்கோவில், தீக்காயம் பட்ட நோயாளிக்கு உடன்பிறந்தவரின் தோலை ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் உதிர்ந்தது. அதே ஆளின் தோலை மறுபடி ஒட்டினால் இன்னும் வேகமாக உதிர்ந்தது. ஆக, உடம்பு முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது! இதனால்தான் முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மாற்று சிறுநீரகம் கிடைப்பது கஷ்டம். அந்நிய முகங்களைப் பார்த்த உடம்பு ஆன்டிபாடியைத் தயாராக வைத்திருக்கும். சிறுநீரகம் ஆபரேஷன் மேசையிலேயே கறுத்துப்போகலாம். அதனால் இன்று கொடுப்பவர் செல்லையும் வாங்குபவர் சீரத்தையும் முதலில் ஒரு குழிக்குள் விட்டுச் சண்டை வருகிறதா என்று பார்க்கிறார்கள். கிராஸ் மேட்ச் என்ற இந்தப் பொருத்தம் தப்பினால் ஜாதகக்காரராலும் பரிகாரம் சொல்ல முடியாது.

1954 டிசம்பர் 23, பாஸ்டன். ஜோசப் முர்ரே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்: ஒரே அச்சான இரட்டையர். யாரு மகன் என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே பதில்தானே சொல்ல முடியும்? ஒரே அச்சுதானா என்று உறுதிசெய்யப் போலீசில் கைரேகைகூட எடுத்தார்கள். சிறுநீரகம் வாங்கியவர் எட்டு வருஷம் வாழ்ந்தார், நர்ஸைக் கல்யாணமும் செய்துகொண்டார். மற்றவர்கள் என்ன செய்வது? இரட்டையராகப் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்காகக் கதிர்வீச்சால் உடம்பின் காவல் படையை மொத்தமாகக் காலி செய்து பார்த்தார்கள். சிறுநீரகம் பிழைத்த இடத்திலும் சாதாரணக் கிருமி வந்து ஆளைக் கொண்டுபோனது. அப்புறம் அந்தப் படையை அடக்கிவைக்கும் அசதியோபிரின், கூடவே ஸ்டீராய்டு. 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது கையிலிருந்த ஆயுதங்கள் இவ்வளவுதான்.

உண்மையான திருப்பம் மண்ணிலிருந்து வந்தது. தலைவர் பிழைக்க மண்சோறு உண்ணும் பழக்கத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நார்வே மேட்டு நிலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சைதான் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைத் தந்தது; 1983இல், எம்.ஜி.ஆர். புரூக்ளினுக்குப் போவதற்கு ஒரு வருஷம் முன்பு, அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுகுபா மண். இவற்றால் திண்ணைக்காரர் அசருவார், ஆனால் சாவதில்லை. ஆயுசுக்கும் வேளை தவறாமல் மாத்திரை. பம்பளிமாஸ் வேண்டாம், அது ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

மூன்றாவது மண் ஈஸ்டர் தீவுடையது. அதிலிருந்து சிரோலிமஸைப் பிரித்தவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல். கனடாவில் அவருடைய கம்பெனி ஆய்வுக்கூடத்தை மூடி, ஆராய்ச்சியையும் கைவிட்டது. மனுஷன் அந்த மருந்தைத் தரும் கிருமியைச் சீசாக்களில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஃப்ரீசரில் சாப்பாட்டுச் சாமான்களோடு வைத்தார், 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி ஒட்டி. அதிலிருந்து வந்த மருந்தைத் தினமும் தவறாமல் சாப்பிடச் சொல்லி, 1999இல் சிறுநீரகம் மாற்றியவர்களுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தார்கள்.