மாப்பிள்ளைக்கும் புவிசார் குறியீடு

திண்டுக்கல் பூட்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் 2019-இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பக்கத்து மாப்பிள்ளைகளுக்கு அதை எப்போதோ கொடுத்துவிட்டார்கள். எந்த ஊர், எந்தக் குலதெய்வம், யாருக்குப் பங்காளி, வத்தலக்குண்டு வகையறாவா நத்தம் வகையறாவா என்று மூலச்சான்று பார்க்காமல் பெரியப்பாக்கள் காபி டம்ளரைத் தொடுவதில்லை.

பெண்ணைக் கேட்பதில்லை என்று சொன்னால் பாவம். “ஒனக்குப் பிடிச்சாத்தான் தாயி முடிப்போம்” என்று தாய்மாமன் வாய் நிறையக் கேட்பார். கை நனைத்து, தட்டு மாற்ற நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டுக் கேட்பார்.

சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சியில், 1967-லேயே சட்டம் நிறைவேறியது. ஐயர் வேண்டாம், மாலை மாற்றினாலே போதும். வயதுவந்த இருவர் மனமொத்தால் குடும்பத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பெரியப்பா இரண்டையும் மறுப்பதில்லை. திராவிட இயக்கக்காரர் வேறு.

“சட்டமெல்லாம் சரிதாம்ப்பா. சொந்தக்காரன் என்ன சொல்லுவான்?”

அந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் விசாரித்தாயிற்று. மகள் கல்யாணப் பேச்சு அங்கேயும் இதே இடத்தில்தான் நிற்கிறது. எங்கள் பெரியப்பா என்ன சொல்வாரோ என்று அவருக்குப் பயமாம்.