மதிலும் மாண்டஸும்

கேள்வி: மாண்டஸ் புயலில் பக்கத்து வீட்டு மதில் சரிந்து என் கார் அப்பளமாகிவிட்டது. அந்த வீட்டுக்காரர் ‘கடவுள் செயல்’ என்கிறாரே? (வாசகர், மாமல்லபுரம்)

பதில்: 2022 டிசம்பரில் புயல் உங்கள் ஊரையொட்டிக் கரை கடந்தது கடவுள் செயல். விரிசல் விட்ட மதிலைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தது அவர் செயல். பழைய போட்டோ, எச்சரித்து எழுதிய கடிதம் இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். ஒழுங்காகப் பராமரித்த மதில் என்றால் அவர் தப்பலாம். பழைய வழக்கு ஒன்று: கார்வேட்நகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில்வேக்குச் சேதம். பராமரிப்பில் குறையில்லை என்று 1874இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அவரை விட்டுவிட்டது. முழு இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி பணம் தந்துவிட்டு பக்கத்து வீட்டுக்காரரைத் துரத்தும். தேர்ட் பார்ட்டி மட்டும்தானா? நீங்களே துரத்துங்கள்.