சாணிப் படிப்பு

ஹூட்ஸ்ப்ரெய்ட்,
தென்னாப்பிரிக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

போன் போட்டாலே அத்தான் "சிங்கம் எப்படிடா இருக்கு?" என்று, ஏதோ நான்தான் அதற்குத் தீனி போடுவதுபோல விசாரிக்கிறார். சஃபாரி வழிகாட்டிப் பயிற்சியில் பாடம் இன்னும் சிங்கம் வரை போகவில்லை. இதுவரை படித்ததெல்லாம் சாணி.

சிரிக்காதே, பரீட்சைக்கு வரும். வெள்ளைக் காண்டாமிருகம் புல் மேயும். கறுப்புக் காண்டாமிருகம் குச்சியைக் கடித்துத் தின்னும். அதன் சாணத்தைப் பிட்டுப் பார்த்தால் சாய்வாக நறுக்கிய குச்சித்துண்டுகள் இருக்கும். கழுதைப்புலி எலும்பையும் நொறுக்கி விழுங்குவதால் அதன் எச்சம் காய்ந்ததும் வெள்ளைவெளேர் என்றாகிவிடும். வறட்டி தட்டிய கை அம்மாவுடையது. அவள் வந்தால் முதல் வகுப்பில் தேறுவாள்.

இங்குள்ள கள வழிகாட்டிகள் சங்கம் 1990-இல் தொடங்கியது. அவர்கள் வைக்கும் எழுத்துத் தேர்வில் தேற 75 சதவீதம் வேண்டும். பாறை, புல், பறவை, நட்சத்திரம் எல்லாம் உண்டு. அப்புறம் பரீட்சகரையே விருந்தாளியாக வண்டியில் ஏற்றிக் காட்டைச் சுற்றிக்காட்ட வேண்டும். பக்கத்து க்ரூகர் பூங்கா ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். நம் காரைக்கால் மாவட்டம் போல நூறுக்கு மேல் அதற்குள் அடங்கும். பயணிகளோ ஏறி உட்கார்ந்ததுமே சிறுத்தை எந்தத் தெரு என்கிறார்கள்.

அடுத்த கேள்வி மரூலா. மா, முந்திரி குடும்பத்து மரம். அதன் பழத்தைத் தின்றால் யானைக்குப் போதை ஏறுமாமே? அந்த உடம்புக்கு அது பற்றாது என்று 2006-இலேயே ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு எழுதிவிட்டார்கள். காரைக்கால்காரனுக்கு ஆய்வு எதற்கு? எல்லை தாண்டி வந்து சரக்கு ஏற்றிக்கொண்டு, நாகூர் பஸ்ஸை எதிர்த்திசையில் தேடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த யானை நிதானமாகத்தான் நடக்கிறது.

நம்மூர் இரட்டைவால் குருவிக்கு இங்கே ஒரு பங்காளி உண்டு. கலஹாரிப் பக்கம் அது மற்ற பிராணிகளின் அபாயக் குரலில் பொய்யாகக் கத்தும். அவை இரையைப் போட்டுவிட்டு ஓடியதும் இறங்கி எடுத்துத் தின்னும். நம் தெருவில் யார் ஞாபகம் வருகிறது என்று எழுது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் என்னைத்தான் முன்னே தள்ளுகிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா தாத்தா திண்ணையில் கற்றுத்தந்த பிரெஞ்சில் பாதி வசவு. சிறுத்தை கண்ணில் படாத நாளில் அவர்கள் பின்சீட்டில் பேசிக்கொள்வது எனக்கு அட்சரசுத்தமாகப் புரிகிறது.

காட்டுக்குள் நடக்கும்போது முதல் கட்டளை: எது வந்தாலும் ஓடாதே. யானை காதை விரித்து ஆர்ப்பாட்டம் செய்தால் பெரும்பாலும் மிரட்டல்தான். காதை ஒட்டவைத்து, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால்... இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

இன்னொன்று. கருவாடு அனுப்புவதாகச் சொன்னாயே, வேண்டாம். முகாமுக்கு வேலி கிடையாது, கூடாரத்தில் தின்பண்டம் வைக்கக்கூடாது என்பது விதி. கழுதைப்புலிக்கு மோப்பம் அதிகம். நம்மூர் நெத்திலியை அதற்குப் பழக்கிவிட்டால் அப்புறம் மாதாமாதம் நீதான் அனுப்ப வேண்டும். பருப்புப்பொடி மட்டும் போதும்.

அன்புத் தம்பி